டி.சி. இல்லாமலும் பள்ளியில் சேரலாம்

சாக்கோட்டைக்குப் பக்கத்துப் புதுவயல், அரிசி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். அங்கேயோ, காரைக்குடியில் எழும்பும் ஏதாவதொரு கட்டடத்திலோ வேலை பார்க்க, பீகாரிலிருந்து ஒரு குடும்பம் ஜனவரியில் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது. டி.சி. எனும் மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, தமிழும் தெரியாது. கல்வியாண்டோ பாதி தாண்டிவிட்டது. அவளைப் பள்ளியில் சேர்க்க முடியுமா?

சேர்த்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம்.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். அதன் 5ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்திலிருந்து வந்த குழந்தையும் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறிக்கொள்ளலாம். டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்ப 14ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று மறுக்க 15ஆம் பிரிவு இடம் தரவில்லை. இடையில் படிப்பு விட்டுப்போயிருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆம் பிரிவு.

அதிகம் பேசப்படாத ஒன்று 9ஆம் பிரிவில் இருக்கிறது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியில் சேர்வதை உறுதிசெய்யும் கடமையை அது உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கிறது. தலைமையாசிரியர் மட்டுமல்ல, ஊராட்சியும் மாநகராட்சியும் பதில் சொல்லியாக வேண்டிய விஷயம் இது.

சேர்ப்பது முதல் படிதான். வகுப்பில் உட்கார்ந்த பிறகு பாடம் புரிய வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டிலேயே நிறுத்தப்படுகிறாள். வேலைப் பருவம் முடிந்தால் குடும்பமே ஊர் திரும்பிவிடுகிறது.

இந்தச் சிக்கல்களுக்குப் பலரும் வழி தேடியிருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் குடும்பங்கள் வருகின்றன. மழைக்காலம் தொடங்குமுன் திரும்பிவிடும் அந்தப் பிள்ளைகளுக்குச் சூளைப் பக்கத்திலேயே சிறப்புப் பயிற்சி மையங்கள் அமைத்து, ஒடியா பாடநூல்களைக் கொண்டே பாடம் நடத்தினார்கள். ஊர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் அல்லவா? ஒடிசா அரசு எதிர்த் திசையில் யோசித்தது: பெற்றோர் வெளியூர் போகும் மாதங்களில் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதிகள் திறந்தது.

கேரளத்தின் எர்ணாகுளத்தில் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்னி’ திட்டம் இன்னொரு வழி. குழந்தையின் தாய்மொழி தெரிந்த தன்னார்வலர்கள், காலை மணி அடிக்குமுன்பே தனி வகுப்பு எடுக்கிறார்கள். தாய்மொழி வழியாக மலையாளம் சொல்லித்தருகிறார்கள். காலை உணவும் உண்டு. தமிழ்நாட்டிலும் ‘தமிழ் மொழி கற்போம்’ என்ற பெயரில் வெளிமாநிலப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலம் முழுவதும் விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அரசுத் தொடக்கப் பள்ளியில் சேரும் இந்தப் பிள்ளைகளுக்கும் உரியது. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல்.

புதுவயலும் காரைக்குடியும் அடங்கிய செட்டிநாட்டுக்கு இடப்பெயர்வு புதிதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடல் கடந்து போனவர்களின் ஊர்கள் இவை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் பிள்ளைகளுக்காக அங்கே 1923இல் ஒரு தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது அது. பல தோட்டங்களில் அது பெயருக்கொரு கொட்டகையாகவே இருந்தது. வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியோ, கணக்கெழுதும் கிராணியோதான் வாத்தியார். ஆனாலும் அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்று மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். அயல் மண்ணில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாக, நம் மண்ணுக்கு வந்த பிள்ளைகளுக்கு நாம் தரலாகாது.

உங்கள் தெருவிலோ ஆலைக் குடியிருப்பிலோ பள்ளிக்குப் போகாத குழந்தையைப் பார்த்தால், பக்கத்து அரசுப் பள்ளியில் சொல்லுங்கள். ஊராட்சி அலுவலகத்திலும் சொல்லலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தை வேலைக்கு அனுப்பப்படுவது தெரிந்தால் 1098ஐ அழையுங்கள்.