பாதசாரியின் பாத்தியதை

வீதி யாருடையது? வண்டி வைத்திருப்பவருடையது என்றே நம்மவரிற் பலர் யோசியாமல் விடையளித்து விடுவர். நடந்து செல்பவன் ஒதுங்க வேண்டியவன். ஒதுங்காமல் அடிபட்டால் அது அவன் தலைவிதி. வண்டிக்காரர் மனமிரங்கி ஏதேனும் கொடுத்தால் அது அவருடைய தர்மம். இந்த எண்ணம் சட்டத்துக்கும் ஒவ்வாது, நியாயத்துக்கும் ஒவ்வாது என்பதை ஜனங்களுக்கு எடுத்துரைப்பது நமது கடமையெனக் கருதுகிறோம்.

திருச்சிராப்பள்ளியும் ஸ்ரீரங்கமும் நடந்து செல்வோரின் ஊர்கள். அரங்கன் கோயிலைச் சூழ்ந்த உத்தர வீதியும் சித்திரை வீதியும் தேர் ஓடவும், ஜனங்கள் வலம் வரவும் வகுக்கப்பட்டவை. காவேரியில் நீராட அம்மா மண்டபத்துக்கு நடப்பவர்களும், தெப்பக்குளத்தைச் சுற்றிய கடைவீதிகளில் சாமான் சுமந்து செல்பவர்களும் இன்றும் ஆயிரக்கணக்கானவர். சமயபுரத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு அயல் ஜில்லாக்களிலிருந்து கூட்டங் கூட்டமாகப் பாத யாத்திரை வருவோரும் உண்டு. இவர்கள் அனைவரும் இன்று உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

இது மிகையான கூற்றன்று. 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர் 1,68,491 பேர் என்றும், அவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள் என்றும் மத்திய சர்க்கார் கணக்கு வெளியிட்டது. அதாவது, நடந்து சென்ற குற்றத்துக்காக நாளொன்றுக்குச் சுமார் 90 பேர் மரண தண்டனை அடைந்தனர்!

நம்மூருக்கு அருகே நேர்ந்த ஒரு சம்பவத்தைப் பாருங்கள். 2024 ஜூலை 17-ஆம் தேதி, தஞ்சை–திருச்சி நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்கு நடந்து சென்ற பக்தர்கள்மீது சரக்கு வண்டியொன்று மோதி 5 பேர் உயிரிழந்தனர். சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. அறிவித்தது நன்றே. ஆனால் நிவாரணம் வேறு, நஷ்ட ஈடு வேறு. முன்னது ஆள்வோரின் கருணை. பின்னது அடிபட்டவனின் உரிமை. முன்னதைப் பெற்றதோடு காரியம் முடிந்ததென்று வீடு திரும்பும் குடும்பம், தனக்குரிய சொத்தைத் தெருவிலே போட்டுவிட்டுச் செல்லும் குடும்பமாகும்.

இந்த உரிமை ஒரே நாளில் வந்ததன்று. 1855-ஆம் வருஷத்திய சட்டமொன்று, பிறர் குற்றத்தால் மாண்டவனின் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கோரும் வழியைத் திறந்தது. ஆயினும் சிவில் கோர்ட்டில் முத்திரைக் கட்டணம் செலுத்தி வருஷக் கணக்கில் வழக்காடும் சக்தி ஏழைக்கு ஏது? வென்றாலும், வண்டிக்காரனிடம் பணமில்லையென்றால் தீர்ப்பு வெறுங் காகிதமே. இக்குறையைத் தீர்க்க இங்கிலாந்து 1930-ஆம் வருஷத்துச் சட்டத்தால், மோட்டார் வைத்திருப்போர் பிறருக்கு நேரும் தீங்குக்காகக் கட்டாயம் இன்ஷூரன்ஸ் செய்ய வேண்டுமென விதித்தது. இந்தியாவில் 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் அவ்வழியைப் பின்பற்றியது; கட்டாய இன்ஷூரன்ஸ் 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. நஷ்ட ஈட்டு வழக்குகளுக்கென்றே தனி நியாயஸ்தலங்கள் 1956-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் ஏற்பட்டன. 1988-ஆம் வருஷத்துச் சட்டம் இவ்வேற்பாடுகளை நிலைநிறுத்தியது.

இவ்வளவு இருந்தும் நடைமுறையில் நடப்பதென்ன? அடிபட்டவன் தரையிற் கிடக்கும்போதே பேரம் தொடங்கிவிடுகிறது. "போலீஸ் கேஸ் எதற்கு? ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வண்டிக்காரர் தரப்பில் ஒருவர் சொல்கிறார். "பாவம், அவனும் பிள்ளைகுட்டிக்காரன்" என்று கூட்டத்தில் ஒருவர் சிபாரிசு செய்கிறார். பத்தாயிரமோ இருபதாயிரமோ கைமாறுகிறது. மூன்று மாதங் கழித்துக் கால் கூடவில்லை என்று தெரியும்போது வண்டியின் நம்பர்கூட நினைவில் இருப்பதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வண்டிக்கு முறையான இன்ஷூரன்ஸ் இருக்குமானால், நஷ்ட ஈட்டைச் செலுத்துவது டிரைவரன்று, சொந்தக்காரரும் அன்று. இன்ஷூரன்ஸ் கம்பெனியே செலுத்தும். டிரைவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாத வழக்குகளிற்கூட, கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி கோர்ட்டுகள் உத்தரவிடுவதுண்டு. ஆகவே ஏழை டிரைவர்மீதுள்ள இரக்கத்தால் உரிமையை விட்டுக்கொடுப்பவர், உண்மையில் கம்பெனியின் பெட்டியை நிரப்புகிறார்.

தொகை எவ்வளவென்று ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சித்திரை வீதியில் பூ விற்கும் 42 வயது மாது ஒருத்தி மாதம் 12,000 ரூபாய் ஈட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,44,000 ரூபாய். சுயதொழில் செய்யும் அவ்வயதினருக்கு வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு 25 சேர்க்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் விதித்தது, அதன்படி 1,80,000. அவ்வயதுக்குரிய பெருக்கெண் 14 என்பது 2009-இல் சரளா வர்மா வழக்கில் வகுக்கப்பட்டது, பெருக்கினால் 25,20,000. கால் ஊனத்தால் அவளுடைய சம்பாத்தியத்தில் நாலில் ஒரு பங்கு குறையுமாயின், அந்த இனத்தில் மட்டும் 6,30,000 ரூபாய். வைத்தியச் செலவும், வேதனைக்கான ஈடும், வேலையிழந்த நாட்களின் கூலியும் இதற்கு மேற்பட்டவை. டாக்டர் எழுதித் தரும் ஊன சதவீதமும் சம்பாத்திய நஷ்டமும் ஒன்றல்ல என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் அதே கோர்ட்டு தெளிவுபடுத்தியிருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவனுக்குச் சிறிதாகத் தோன்றும் ஊனம், கூடை சுமப்பவளின் பிழைப்பையே கெடுத்துவிடும் அன்றோ? இனி, தெருவில் கைமாறிய இருபதாயிரத்தை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வுரிமையைப் பெறுவதற்குச் செய்ய வேண்டியவை சில. முதலாவது, போலீஸில் புகார் பதிவாக வேண்டும். அதன் நகலைப் பெறவேண்டும். ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டதென்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். விபத்துப் பதிவேட்டில் "தவறி விழுந்தார்" என்று எழுதிவிட்டால் பின்னர் அதுவே எதிரிக்கு ஆயுதமாகும். மருந்துச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்த வேண்டும். விபத்து நடந்த இடத்தில் மட்டுமின்றி, அடிபட்டவர் வசிக்கும் இடத்திலும் வழக்குத் தொடரலாம். ஸ்ரீரங்கத்தில் வசிப்பவர் சென்னையில் அடிபட்டாலும் திருச்சி நியாயஸ்தலத்திலேயே மனுச் செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்யவேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. இவ்விதியை ஆட்சேபித்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சிலர் சென்றனர். ஆயினும் அதை நம்பி நாட்களைக் கடத்துவது விவேகமன்று.

டிரைவரின் குற்றத்தை நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சமும், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கோர ஒரு பிரிவு உண்டு. ஆனால் அதை விதிப்படி ஏற்றுக்கொண்டவரின் பெரிய வழக்கு அற்றுப்போம். யோசித்தே கையெழுத்திட வேண்டும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிடில், மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெற வழியுண்டு.

"கிரிமினல் கோர்ட்டு டிரைவரை விடுதலை செய்துவிட்டதே" என்று மனமுடைந்து போவோர் பலர். அவர்கள் 1980-இல் நம் தமிழ்நாட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்ற என்.கே.வி. பிரதர்ஸ் பஸ் கம்பெனி வழக்கை அறிய வேண்டும். டிரைவர் விடுதலையானதைக் காட்டித் தப்ப முயன்ற கம்பெனியின் வாதத்தை நீதிபதி கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. தண்டிப்பதற்கு வேண்டிய ருசு வேறு. நஷ்ட ஈட்டுக்குப் போதுமான ருசு வேறு.

பொய் வழக்குகள் பெருகுகின்றன என்று கம்பெனிகள் கூறுவதையும் நாம் மறைக்கவில்லை. அப்பழியில் நம் வக்கீல் கூட்டத்துக்கும் பங்குண்டு. ஆஸ்பத்திரி வாசலில் ஆள்வைத்துக் கட்சிக்காரரைப் பிடிப்பதும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதும் தொழில் தர்மத்துக்கு விரோதம். பார் கவுன்சில் விதிகளுக்கும் விரோதம். ஸ்திரீகளும், தாழ்த்தப்பட்ட வகுப்பினரும், வருமானம் குறைந்தோரும் 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறலாம். தரகரை நாடாமல் ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுக.

நஷ்ட ஈட்டோடு கடமை முடிந்துவிடாது. போன காலை எந்தத் தொகையும் திருப்பித் தராது. கோயமுத்தூர் எலும்பு வைத்திய நிபுணர் டாக்டர் ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை பிரஜையின் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. நகரசபைகள் இதைச் செவிமடுக்க வேண்டும். கடைச் சாமான்களும் நிறுத்தி வைத்த வண்டிகளும் நடைபாதையை அடைத்துக்கொண்டால், நடப்பவன் சக்கரத்தின் வழியில் இறங்காமல் எங்கே செல்வான்?

தேச ஊழியத்தில் ஈடுபட்ட வாலிபர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தெருவில் ஒருவர் அடிபட்டால், பேரம் பேசும் கூட்டத்தில் சேராதீர்கள். அவரை ஆஸ்பத்திரியில் சேருங்கள். உதவி செய்தவரைத் துன்புறுத்தலாகாதென்று சட்டமே காவல் செய்திருக்கிறது. வண்டியின் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். புகாரைப் பதிவு செய்வியுங்கள். ஆறு மாதத் தவணையை அக்குடும்பத்துக்கு நினைவூட்டுங்கள். ஏழை தனக்குரியதைக் கேட்டுப் பெறுவதற்குத் துணைநிற்பதைவிடச் சிறந்த பொது ஊழியம் வேறெது?