வெளியூரிலிருந்து கடையைப் பார்க்க: ரூட்டர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மிளகாய்க் கொள்முதலுக்காகக் குண்டூர் போயிருக்கும்போது, ஊரில் கிட்டங்கியில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று அறிய வீட்டுக்குப் போன் போட்டு, பையனை ஓடிப் பார்க்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்று சிறு மளிகைக் கடையிலும் கேமரா இருக்கிறது. கணக்கு கணினியில் இருக்கிறது. ஆகவே, "வெளியூரில் இருந்தபடியே கடையைப் பார்க்க முடியுமா? அதற்கு எந்த ரூட்டர் வாங்கலாம்?" என்று உறுப்பினர்கள் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். வீடும் கடையும் ஒரே கட்டடத்தில் வைத்து, ஒரே இன்டர்நெட் இணைப்பைப் பகிர்ந்துகொள்வோரே இவர்களில் அதிகம். விற்பனையாளரிடம் கேட்டால், "டைனமிக் டி.என்.எஸ். உள்ள ரூட்டர் வாங்குங்கள்" என்கிறார். பதில் சரிதான். ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதியை நாம் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

நம் அலுவலகத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு ரூட்டர் வாங்கினோம். அட்டைப் பெட்டியில் டைனமிக் டி.என்.எஸ். என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. ஒரு வாரம் முயன்றும் வெளியிலிருந்து அலுவலகக் கணினியைத் தொட முடியவில்லை. ரூட்டரை மாற்றினோம், அதே கதை. கோளாறு பெட்டியில் இல்லை, வந்துகொண்டிருந்த இணைப்பில் இருந்தது.

முதலில் டைனமிக் டி.என்.எஸ். என்றால் என்ன என்று பார்ப்போம். இன்டர்நெட்டில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஐ.பி. எண் என்று ஒரு முகவரி எண் உண்டு. வீட்டு இணைப்புகளுக்கு அது நிலையானதல்ல. கரண்ட் போய் வந்தால், ரூட்டரை அணைத்துப் போட்டால், எண் மாறிவிடலாம். வாரச் சந்தையில் கடை போடுபவருக்கு இந்தக் கஷ்டம் புரியும். வாரம் ஒரு வரிசையில் இடம் கிடைத்தால் வாடிக்கையாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சந்தை வாசலில் உள்ள டீக்கடைக்காரரிடம், "இன்று மூன்றாவது வரிசையில் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். தேடி வருபவர் அவரிடம் கேட்டுக்கொள்வார். அந்த டீக்கடைக்காரர் செய்யும் வேலையைத்தான் டைனமிக் டி.என்.எஸ். செய்கிறது. நமக்கென்று ஒரு பெயரைப் பதிந்துகொள்கிறோம். எண் மாறும்போதெல்லாம் புதிய எண்ணை ரூட்டரே அங்கே தெரிவித்துவிடும். நாம் வெளியூரிலிருந்து பெயரை மட்டும் சொன்னால் போதும்.

இந்த வேலையைக் கேமரா பதிவுப் பெட்டியோ கணினியோகூடச் செய்யும். ஆனால் எண் மாறியது முதலில் தெரிவது ரூட்டருக்குத்தான். இரவும் பகலும் ஓடுவதும் அதுதான். அதனால் ரூட்டரிலேயே இந்த வசதி இருப்பது நல்லது.

இனி, நாம் ஏமாந்த இடத்துக்கு வருவோம். பழைய முறை ஐ.பி. எண்கள் உலகம் முழுமைக்கும் சுமார் 430 கோடிதான். பிரித்துக் கொடுப்பதற்கென இருந்த உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. நமது ஆசிய பசிபிக் வட்டாரத்தில் அதே ஆண்டு ஏப்ரலில் பங்கீட்டு முறையே வந்துவிட்டது. சரக்கு இல்லை என்றால் என்ன செய்வார்கள்? ஒரே எண்ணைப் பல வீடுகளுக்கும் கடைகளுக்கும் பொதுவாக வைத்து ஓட்டுகிறார்கள். வணிக வளாகம் ஒன்றில் முப்பது கடைகளுக்கும் ஒரே கதவு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் வெளியே போய் வரத் தடையில்லை. ஆனால் வெளியாள் ஒருவர் அந்தக் கதவு எண்ணுக்கு வந்து நின்றால், எந்தக் கடைக்கு அனுப்புவது என்று வாசல் காவலாளிக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். இந்த நிலையில் டீக்கடைக்காரர் சரியாக வழி சொல்லியும் பயனில்லை. எவ்வளவு விலையுயர்ந்த ரூட்டர் வாங்கினாலும் இதுவே நிலை.

ஆகவே பணத்தை எடுக்குமுன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று செய்யவும். இப்போதுள்ள ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 'வான்' என்ற தலைப்பின் கீழ் உள்ள ஐ.பி. எண்ணைக் குறித்துக்கொள்ளவும். பிறகு அதே இணைப்பில் உள்ள போனில், 'என் ஐ.பி. எண் என்ன' என்று கூகுளில் தேடி, வரும் எண்ணைப் பார்க்கவும். இரண்டும் ஒன்றானால் கவலையில்லை. ரூட்டரில் உள்ள எண் 100.64 முதல் 100.127 வரையிலான ஒன்றில் தொடங்கினால் அது பொது எண்ணின் பின்னால் இருக்கும் இணைப்பு. 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதுவே. 192.168 என்று தொடங்கினால், பைபர் மோடமே ரூட்டராகவும் வேலை பார்க்கிறது, அதன் பின்னால் நம் ரூட்டர் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். மோடத்தை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றித் தரும்படி இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டு, மாற்றியபின் மறுபடி சோதிக்கவும்.

பொது எண்தான் என்று தெரிந்தால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தனி நிலை எண் வேண்டும் என்று கேட்டால் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்குத் தருகின்றன. அது கிடைத்துவிட்டால் எண் மாறவே மாறாது, டைனமிக் டி.என்.எஸ். தேவையே இல்லை. அடுத்து, டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள். இவற்றில் கடைக் கணினியும் நம் போனும் தாமாகவே வெளியே சென்று சந்தித்துக்கொள்வதால் காவலாளி குறுக்கே நிற்பதில்லை. கேமரா மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இதுகூட வேண்டாம். இப்போது வரும் பதிவுப் பெட்டிகளில் பலவும், பெட்டியில் உள்ள கட்டக் குறியைப் போனில் பிடித்தால் தம் கம்பெனி சர்வர் வழியாகப் படம் காட்டிவிடுகின்றன. நம் கடைப் படம் அவர்கள் கை வழியாக வருகிறதே என்ற யோசனை இருக்கத்தான் செய்கிறது. அது அவரவர் விருப்பம். டேலி பிரைம் வைத்திருப்போர் அதற்குள்ளேயே உள்ள தொலைதூர வசதியை முதலில் விசாரித்துக்கொள்ளவும்.

சோதனையில் தேறிவிட்டால் ரூட்டர் தேர்வு எளிது. பெட்டியில் டைனமிக் டி.என்.எஸ். என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். எந்தச் சேவைகளின் பெயர்கள் உள்ளே இருக்கின்றன என்று கேளுங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் டின் டி.என்.எஸ். என்ற பெயர் முதலில் நிற்கும். அதன் இலவசச் சேவை 2014-லேயே நின்றுவிட்டது. நோ-ஐபி இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் 30 நாளைக்கு ஒருமுறை "பெயர் வேண்டும்" என்று உறுதி செய்ய வேண்டும், மறந்தால் பெயர் போய்விடும். டிபி-லிங்க், ஆசுஸ் போன்ற கம்பெனிகள் தங்கள் ரூட்டர்கள் பலவற்றுக்குச் சொந்தமாகவே இச்சேவையைக் கட்டணமின்றித் தருகின்றன. மளிகைக் கடைக்காரருக்கு அதுவே தொல்லையில்லாதது என்பது நம் கருத்து.

இதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, ரூட்டரிலேயே வி.பி.என். சர்வர் வசதி இருக்கிறதா என்பது. ஓபன் வி.பி.என். அல்லது வயர்கார்டு என்ற பெயர் இருந்தால் நல்லது. பி.பி.டி.பி. மட்டும் இருந்தால் அது பழைய, பாதுகாப்பற்ற முறை, வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் உறுப்பினர் ஒருவர், பருப்பு மொத்த வியாபாரி. கணினியை வெளியிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வாசலை, இணைப்புப் போட வந்த பையன் நேரடியாகத் திறந்து வைத்துவிட்டுப் போனான். கடவுச்சொல் கடைப் பெயரும் 123-ம். சில வாரம் சௌகரியமாகத்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை கணினியைப் போட்டால் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு கடிதம் திரையில் நின்றது. யார் யார் எவ்வளவு பாக்கி என்ற பற்று விவரம் முழுவதும் அதற்குள். பிரதி வேறெங்கும் இல்லை. பழைய பில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் "உங்கள் பாக்கி எவ்வளவு அண்ணாச்சி?" என்று அவரே கேட்க நேர்ந்தது. பலர் நேர்மையாகச் சொன்னார்கள். எல்லோரும் அல்ல.

நம் கடை சிறியது, நம்மை யார் தேடி வரப்போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். வருவது ஆள் அல்ல, எல்லா எண்களையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல். 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல், கம்பெனி போட்ட கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் இப்படித்தான் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் முடக்கப்பட்டது எது தெரியுமா? மேலே சொன்ன டின் நிறுவனத்தின் சேவையேதான். டிவிட்டர் உட்படப் பெரிய பெரிய தளங்கள் அன்று பல மணி நேரம் தடுமாறின.

எனவே கேமராவுக்கோ கணினிக்கோ தனித்தனி வாசல் திறக்காமல், வி.பி.என். என்ற ஒரே வாசல் வைத்து, அதற்குள் நுழைந்தபின் மற்றவற்றைப் பார்க்கவும். ரூட்டரின் அமைப்புப் பக்கம் வெளியிலிருந்து திறக்காதபடி இருக்கட்டும். யு.பி.என்.பி. என்ற அமைப்பை அணைத்துவிடவும். அது நம்மைக் கேளாமலே வாசல் திறக்கும். எல்லாக் கடவுச்சொற்களையும் முதல் நாளே மாற்றவும். கணக்கின் பிரதியை வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைக்கவும்.

மோடத்துக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு சிறு யு.பி.எஸ். போட்டால், கரண்ட் போகும்போதெல்லாம் எண் மாறுவதும் குறையும், கடை இருட்டில் கிடக்கும் நேரத்தில் தொடர்பும் அறாது. கேமராவுக்கும் பதிவுப் பெட்டிக்கும் மின்சாரம் இருந்தால்தான் படம் தெரியும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

பில் போடுமுன், வசதி வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளவும். சோதிக்கும்போது போனில் கடை வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பார்க்கவும். கடை வைஃபையிலேயே இருந்துகொண்டு படம் வருகிறது என்று மகிழ்ந்து பணம் கொடுத்தனுப்பியவர்கள் நம்மில் இருவர் இருக்கிறார்கள்.