முழங்கால் மூட்டும் மாற்று மூட்டும்: ஃபிட் எப்படி?

தொழுகை வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரும் பெரியவர்களை நம் காயல்பட்டினத்தில் பார்த்திருப்பீர்கள். பலருக்கும் மூட்டுத் தேய்மானம்தான். ஆபரேஷன் என்றதும் அவர்கள் கேட்பது, "புது மூட்டு வெச்சா பழையபடி தரையில உட்காரலாமா?" என்பதைத்தான். இதற்கு மெக்கானிக்கல் படிக்கிற நாமும் பாதி பதில் சொல்லலாம்.

முழங்காலைக் கதவுக் கீல் என்று நினைத்தால் தப்பு. 1951-ல் ஸ்வீடனின் வால்டியஸ் கீல் மாதிரிதான் செய்து பார்த்தார். கால் மடங்கும்போது கூடவே திரும்பவும் செய்கிறதே! கீல் திரும்பாது. அந்த முறுக்கு விசை எல்லாம் எலும்பும் மூட்டும் சேரும் இடத்தில் போய் விழ, மூட்டு ஆட்டம் கண்டது. 1968-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் கனடா டாக்டர் ஃபிராங்க் கன்ஸ்டன் (முதலில் எஞ்சினியரிங் படித்தவர், நம்ம ஆள்!) உருண்டு வழுக்கும் மூட்டைச் செய்தார். 1974-ல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் கொண்டு வந்த 'டோட்டல் காண்டைலர்'தான் இன்றைய மூட்டுகளுக்கு மூதாதை. மேலே கோபால்ட்-குரோமிய உறை, கீழே உலோகத் தட்டு, நடுவே பாலிஎதிலீன் பிளாஸ்டிக்.

சரி, பொருத்தம் எப்படி? நிஜ மூட்டில் கீழ் எலும்பின் உள்பக்கம் குழிவு, வெளிப்பக்கம் லேசான மேடு. மடக்கும்போது உள்பக்கக் குமிழ் ஏறக்குறைய அதே இடத்தில் சுழலும். வெளிப்பக்கக் குமிழ் பின்னால் உருளும். மாற்று மூட்டு பலவற்றில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கிண்ணம்தான். முன் லிகமென்ட்டை (ஜவ்வு என்கிறோமே, அது) பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். பின் ஜவ்வையும் எடுக்கும் மாடலில் பிளாஸ்டிக்கில் ஒரு முளை, உலோகத்தில் ஒரு கேம். மடக்கும்போது கேம் முளையில் முட்டி, தொடையெலும்பைப் பின்னுக்குத் தள்ளும். தியரி ஆஃப் மெஷின்ஸ் பேப்பரில் நம்மைப் படுத்துகிற அதே கேம்!

சைஸ் விஷயம் ரெடிமேட் சட்டை மாதிரி. பல மாடல்கள் மேல்நாட்டார் எலும்பை அளந்து செய்தவை. நம் பெண்களின் முழங்கால் சிறியது. முன்பின் அளவு சரியாக வந்தால் அகலம் கூடிவிடும். உறை 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வெளியே துருத்தினால் வலி வரும் வாய்ப்பு அதிகம்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். மாற்று மூட்டு பொதுவாக 110 முதல் 120 டிகிரி வரை மடங்கும். நாற்காலிக்கும் மாடிப்படிக்கும் அது தாராளம். மண்டியிட்டுக் குதிகாலில் உட்கார 150 டிகிரி பக்கம் வேண்டுமே! அதிகம் மடங்கும் என்று 'ஹை-ஃபிளெக்ஸ்' மாடல் விற்கிறார்கள். ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன் கால் எவ்வளவு மடங்கியதோ, அதுதான் பின்னால் மடங்குவதையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

விலை? முன்பு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட்ட சாதா கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. ஹை-ஃபிளெக்ஸுக்கு 56,490. வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் எந்த மாடல், என்ன சைஸ், இப்போது எத்தனை டிகிரி மடங்குகிறது என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.