மாத ஊசியும் பஸ் காசும்
“ஜின் பிடிச்சிட்டு” என்று ஓதிப் பார்ப்பதிலும் தாயத்திலும் வருடம் ஒன்று போகும். உம்மாவின் நகையும் அடகுக்குப் போகும். பிறகுதான் மனச்சிதைவு நோய் என்று தெரியவரும். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. காத்தான்குடியும் ஏறாவூரும் விலக்கல்ல.

மருந்து மலிவு. குளோர்புரோமசின் 1952 முதல் பாவனையில் உள்ளது. குளிசை விழுங்க மறுப்பவருக்கு மாதத்துக்கொருமுறை போடும் ஊசி இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை, அங்கொடைக்கு அனுப்பாமல் ஊரருகிலேயே பராமரிப்பதை வலியுறுத்தியது.

அப்ப செலவு எங்கே? பஸ் காசு, கூடப் போறவரின் ஒருநாள் கூலி. அதைப் பார்த்து ஊசியை விட்டால் நோய் திரும்பும். அவர் உழைப்போடு காவலிருப்பவர் உழைப்பும் நின்றுபோகும். ஸகாத் பங்கிடும் பள்ளிவாசல்கள் ஏழை நோயாளியின் பஸ் காசையும் கணக்கில் எடுக்கலாமே. ஓதுவதை நிறுத்தத் தேவையில்லை. ஊசியை நிறுத்தக் கூடாது.