டிரைப் துரையின் படப்பெட்டி

காஞ்சி கைலாஸநாதர் கோவிலைச் சுற்றிவரும் எவரும் அங்குள்ள மணற்கல்லின் கதியைக் கண்டு வருந்தாமலிரார். ராஜஸிம்ம பல்லவன் தன் விருதுப்பெயர்களைப் பொறித்துவைத்த சிற்றாலயங்களில் கல் பொரிந்து உதிர்ந்திருக்கிறது. பிற்காலத்தார் பூசிய சாந்தோ பல சிற்பங்களின் முகத்தையே மாற்றிவிட்டது. அதைக் காணுந்தோறும் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் பட்டாளத்தாரின் நினைவு நமக்கு வருகிறது.

இவர் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்து உத்தியோகஸ்தர். 1852-ம் வருஷத்து யுத்தத்தில் பர்மாவின் பெகு நாட்டைக் கைப்பற்றிய வெள்ளையர், அதற்கு ஒப்பம் பெற 1855-ல் மிண்டன் அரசரிடம் தூது சென்றனர். அரசர் ஒப்பமிடவில்லை. தூதுடன் சென்ற டிரைப்போ பர்மாவின் கோட்டைகளையும் மடங்களையும் படமெடுத்துத் திரும்பினார். அவற்றுள் 120 படங்கள் தொகுதியாக வெளிவந்தன. எஞ்சிய பர்மாவும் 1885-ல் பறிபோயிற்று. பிறர் வீட்டைப் படமெடுப்பவன் எதற்காக எடுக்கிறானென்று வீட்டுக்காரன் கேட்பது நியாயந்தானே!

பின்னர் சென்னை ஸர்க்காரின் போட்டோக்காரராகி, 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். அதே வருஷத்தில்தான் பெலிஸ் பியாட்டோ என்பவர், லக்ஷ்மணபுரியின் ஸிக்கந்தர் பாக்கில் மடிந்த சிப்பாய்களின் எலும்புகள் சிதறிக்கிடக்கும் காட்சியைப் படமெடுத்தார். வடக்கே எலும்பு, தெற்கே கோபுரம். இரண்டும் ஒரே ஆட்சியின் படப்பெட்டிக்கு இரையாயின.

ஆயினும் டிரைப்பின் திறமையை மறுப்பது நேர்மையாகாது. தஞ்சைப் பெரியகோவில் விமானத்தின் அடியிலுள்ள கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஹுல்ட்ஷ் பண்டிதர் அக்கல்வெட்டுகளை அச்சிடத் தொடங்கியது 1891-லேதான் என்பதை எண்ணினால், இம்முயற்சியின் அருமை விளங்கும். ஆனால் 1859-ல் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெலியன், இது வீண் ஆடம்பரமென்று நிறுத்திவிட்டார். யுத்தச் செலவு ஆடம்பரமாக அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்!

2014, 2015-ம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரத்தார் இப்படங்களைக் கண்காட்சியில் கண்டு களித்தனர். தஞ்சையின் கல்லெழுத்தைக் காண அவர்களுக்குக் கிடைத்த வசதி காஞ்சியின் கல்லெழுத்தைக் காண காஞ்சி வாசிக்கு வேண்டாமா? கைலாஸநாதர் கோவிலின் சிற்றாலயங்களை ஒன்றுவிடாமல் வரிசையாகப் படமெடுத்து, நெசவாளியும் மாணவனும் காசின்றிப் பார்க்கும்படி இந்நகரிலேயே ஓரிடத்தில் வைக்கவேண்டுமென்று தொல்பொருளிலாகாவைக் கேட்டுக்கொள்கிறோம்.