முதலில் அனுமதி, பிறகே பூட்டு



தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் தொழில். முன்பொரு நாள் எங்கள் அலுவலக வேலைகள் எல்லாம் ஸ்தம்பித்து நின்றன. தேடிப் பார்த்தால், உரிமையே இல்லாத கணக்கிலிருந்து ஒருவர், ஓர் அட்டவணையைக் காலி செய்யும் ‘ட்ரங்கேட்’ கட்டளையைத் தவறுதலாகக் கொடுத்திருந்தார்.

உரிமை இல்லையென்றால் உடனே மறுத்திருக்க வேண்டாமா? அங்கேதான் கோளாறு. எங்கள் மென்பொருள் முதலில் பூட்டைக் கேட்டது; உரிமையைப் பிறகுதான் பார்க்கும். அந்நேரம் ஒரு நீண்ட அறிக்கை அதே அட்டவணையை வாசித்துக்கொண்டிருந்ததால் பூட்டு கிடைக்கவில்லை. பின்னால் வந்த எல்லோரும் இவருக்குப் பின்னே வரிசையில் நின்றார்கள். சீட்டு இல்லாதவர் வாசலை மறித்து நின்ற கதைதான்! இதை ஒருவர் வேண்டுமென்றே செய்தால்?

தீர்வு, உரிமையை முதலில் பார்ப்பது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ட்ரங்கேட், வேக்கும், அனலைஸ் கட்டளைகளுக்கு 2019இல் வந்த 12ஆம் பதிப்பு இப்படி மாற்றியது.

ஒரு கவனம்: பூட்டுக்குக் காத்திருக்கும்போது அந்தப் பெயர் வேறொரு அட்டவணைக்குப் போயிருக்கலாம். ஆகவே பூட்டு கிடைத்ததும் பெயரை மறுபடி பார்க்கவேண்டும். மாறியிருந்தால் உரிமையையும் புதிதாகச் சோதிக்கவேண்டும்.

உங்கள் அலுவலகத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று நாளைக்கே பாருங்கள்.