உப்பில் குளித்த கண்ணாடி!

அம்மாவின் செல்போனைக் கை தவறிக் கீழே போட்டிருக்கிறீர்களா, குட்டீஸ்? 'டப்'பென்று சத்தம் கேட்டதும் வயிற்றுக்குள் என்னவோ செய்யும். பயந்துகொண்டே எடுத்துத் திருப்பிப் பார்த்தால்... அப்பாடா, ஒரு கீறல்கூட இல்லை! அதே அளவு மெல்லிய ஜன்னல் கண்ணாடித் துண்டு அதே உயரத்திலிருந்து விழுந்திருந்தால் துடைப்பமும் முறமும் தேடியிருப்பீர்கள்.

பெரும்பாலான செல்போன் திரைகளின் மேல் இருப்பதும் கண்ணாடிதான். பல போன்களில் அது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. அதற்கு மட்டும் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

முதலில், கண்ணாடி ஏன் உடைகிறது என்று பார்ப்போம். ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரர் ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டுவார். பிறகு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் 'சர்ர்ர்' என்று துணி கிழிந்துகொண்டே போகும். அந்தச் சின்ன வெட்டு இல்லாவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் லேசில் கிழியாது.

கண்ணாடியும் அப்படித்தான். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி விரிசல்கள் இருக்கும். கண்ணாடி வளையும்போது அந்த விரிசலின் வாய் திறக்கும். அவ்வளவுதான், ஒரு நொடிக்குள் விரிசல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடிவிடும். 1920-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த கிரிஃபித் என்ற பொறியாளர் இதைக் கண்டுசொன்னார். கண்ணாடியை மெல்லிய இழைகளாக இழுத்துச் சோதித்துப் பார்த்தார் அவர். இழை மெலிய மெலிய, அதன் வலிமை கூடிக்கொண்டே போனது!

ஆக, கண்ணாடி பலவீனமான பொருள் அல்ல. அதன் தோலில் இருக்கும் விரிசல்தான் வில்லன். அந்த விரிசலின் வாயைத் திறக்கவிடாமல் அழுத்திப் பிடித்துவிட்டால்?

இங்கேதான் உப்புக் குளியல் வருகிறது. நாம் சமைக்கும் உப்பு இல்லை. இது பொட்டாசியம் நைட்ரேட். பட்டாசு மருந்தில் சேர்க்கிறார்களே, அந்த வெடியுப்பு. 334 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இந்த உப்பு உருகித் தண்ணீர் போல ஆகிவிடும். இன்னும் சூடாக்கி, ஏறக்குறைய 400 டிகிரியில் வைத்து, அதற்குள் கண்ணாடித் தகடுகளைப் பல மணி நேரம் ஊறப்போடுவார்கள்.

கண்ணாடிக்குள் சோடியம் அணுக்கள் மின்னேற்றத்தோடு இருக்கும். இவற்றுக்கு அயனிகள் என்று பெயர். சூட்டில் இவை ஒவ்வொன்றாக வெளியேற, காலியான இடத்தில் உப்பிலிருக்கும் பொட்டாசியம் அயனி வந்து உட்காரும். ஆனால் பொட்டாசியம், சோடியத்தைவிடப் பெரியது! வகுப்பில் ஒன்றாம் வகுப்பு வாண்டுகள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சில், அவர்களை எழுப்பிவிட்டுப் பத்தாம் வகுப்பு அண்ணன்கள் ஐந்து பேரை உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? தோளோடு தோள் நெருக்கியடிக்கும் அல்லவா? கண்ணாடியின் தோலிலும் அதே நெருக்கடிதான். அந்த நெருக்கத்தில் விரிசல்களின் வாய் இறுக மூடிக்கொள்ளும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பழைய அழிரப்பரில் பெரியவர்களிடம் சொல்லிச் சின்னதாக ஒரு வெட்டுப் போடச் சொல்லுங்கள். வெட்டு வெளிப்பக்கம் இருக்கும்படி வளைத்தால் 'ஆ' என்று வாயைத் திறக்கும். உள்பக்கம் இருக்கும்படி வளைத்தால் மூடிக்கொள்ளும்.

சரி, இவ்வளவு பலமான கண்ணாடியும் சில சமயம் உடைகிறதே, ஏன்? நெருக்கமான அந்தத் தோல் ரொம்ப மெல்லியது. பல கண்ணாடிகளில் அது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. வழவழப்பான தரையில் விழுந்தால் தப்பிக்கும் போன், ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் தார் ரோட்டில் விழுந்தால் மாட்டிக்கொள்ளும். கல்லின் கூர்முனை தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால், அங்கே விரிசலை அழுத்திப் பிடிக்க யாரும் இல்லை.

இந்தக் கண்ணாடியின் கதை சினிமா கதை போல இருக்கும். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1960-களின் தொடக்கத்திலேயே இதைத் தயாரித்துவிட்டது. அப்போது அதன் பெயர் 'கெம்கார்'. ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கண்ணாடி டம்ளர்களைக் கீழே போட்டுப் பார்த்தார்கள். உறைந்துபோன கோழிகளை வேகமாக அதன்மேல் எறிந்துகூடப் பார்த்தார்கள்! கண்ணாடி அசரவில்லை. ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. காருக்குப் போடலாம் என்றால், விபத்துச் சோதனையில் கண்ணாடி தப்பியது. அதில் மோதும் மண்டைதான் தப்பாது போலிருந்தது. 1971-ல் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

2007 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனை உலகத்துக்குக் காட்டினார். முதலில் அதற்குப் பிளாஸ்டிக் திரைதான். பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு கிடந்ததில் அது கீறல் விழுந்துவிட, கண்ணாடியே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் ஜாப்ஸ். கார்னிங்கின் தலைவர் வெண்டெல் வீக்ஸுக்குப் பழைய கண்ணாடி நினைவுக்கு வந்தது. ஆனால் அதைத் தயாரிக்க ஒரு தொழிற்சாலைகூட அப்போது இல்லை! போன் விற்பனைக்கு வர இருந்ததோ சில மாதங்கள்தான். கென்டக்கி மாநிலத்தின் ஹாரட்ஸ்பர்க் ஊரிலிருந்த தொழிற்சாலையை அவசர அவசரமாக மாற்றினார்கள். ஜூன் 29-ல் கடைக்கு வந்த ஐபோனில் கண்ணாடித் திரை இருந்தது. அதைத்தான் பிறகு 'கொரில்லா கிளாஸ்' என்று பெயர் சூட்டி விற்றார்கள். முப்பத்தாறு வருடம் தூங்கியவன் எழுந்து ஓடிய ஓட்டம் இது!

பலம் மட்டும் போதுமா? விரல் பட்டதும் திரைக்குத் தெரிய வேண்டுமே. பல தொடுதிரைகளில் இண்டியம், வெள்ளீயம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த ஒரு பூச்சு இருக்கும். மின்சாரமும் கடத்தும், கண்ணுக்கும் தெரியாது. இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். இண்டியம் 1863-ல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட உலோகம். அது 'இண்டிகோ' எனப்படும் அவுரி நீல நிற ஒளியைக் காட்டியதால் அந்தப் பெயர். இண்டிகோ என்ற சொல்லோ, நீலச் சாயம் அனுப்பிய இந்தியாவின் பெயரிலிருந்து வந்தது. உங்கள் செல்போனுக்குள் நம் நாட்டின் பெயர் ஒளிந்திருக்கிறது பாருங்கள்!

இதைப் பெயிண்ட் போலப் பிரஷ்ஷால் பூச முடியாது. காற்றை உறிஞ்சி எடுத்த அறையில், ஆர்கான் வாயுவின் அயனிகளை அந்தப் பொருளின் கட்டிமேல் வேகமாக மோதவிடுவார்கள். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் பட்டுக் காய்கள் சிதறுமே, அதுபோல அணுக்கள் சிதறிப் பறந்து கண்ணாடியில் படியும். இந்தப் பூச்சைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, லேசாக மின்னேற்றம் தருவார்கள். நம் உடலில் உப்புத் தண்ணீர் இருப்பதால் விரல் மின்சாரத்தைக் கடத்தும். விரல் நெருங்கிய இடத்தில் மின்னேற்றம் கொஞ்சம் மாறும். போன் அதைக் கண்டுபிடித்துவிடும். நகத்தின் நுனியால் மட்டும் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் போன் கண்டுகொள்ளாது!

இன்னொரு வேடிக்கை. எல்சிடி திரைகளின் உள்ளேயும் கண்ணாடி உண்டு. அதன்மேல் லட்சக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் இருக்கும். சோடியம் கசிந்தால் அவை கெட்டுவிடும். அதனால் அந்தக் கண்ணாடியைச் சோடியம் இல்லாமலே தயாரிக்கிறார்கள். மேல் கண்ணாடிக்கு உப்புக் குளியல். உள் கண்ணாடிக்கோ உப்பு வாடையே ஆகாது!

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய் ஒட்டாத ஒரு பூச்சு. நான்-ஸ்டிக் தவாவில் இருக்கும் பூச்சுக்கு இது சொந்தக்காரன் மாதிரி, ஃபுளூரின் கலந்தது. 2009-ல் வந்த ஐபோனிலிருந்து இது பிரபலமானது. பஜ்ஜி சாப்பிட்ட கையோடு போனை எடுத்தாலும் துடைத்தால் போய்விடுவது இதனால்தான். ஆனால் தேய்க்கத் தேய்க்க இது கரைந்துபோகும்.

உங்கள் வீட்டுப் போனில் அது மிச்சம் இருக்கிறதா? அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டுவிட்டு, திரையின் நடுவில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. பரவி வழிந்தால் போய்விட்டது. மேலே தனியாகக் கண்ணாடி ஒட்டியிருந்தால், நீங்கள் சோதிப்பது அந்த ஒட்டுக் கண்ணாடியைத்தான். சொட்டைத் துடைக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்!